மூளை தடுமாறும்போது சினைப்பையை ஏன் பார்க்கிறார்கள்?

சினைப்பையில் வரும் டெர்மாய்டு கட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கற்றையாக முடி கிடக்கும். பிசுபிசுவென்று கொழுப்பு இருக்கும். சிலவற்றில் பல்லே முளைத்திருக்கும். முதல்முறை பார்க்கிற மருத்துவ மாணவர் முகம் சுளிப்பார். அனுபவப்பட்ட மகப்பேறு மருத்துவருக்கு அது வழக்கமான ஒன்று. மருத்துவப் புத்தகங்களில் இதன் பெயர் டெரட்டோமா. கிரேக்க மொழியில் 'டெராஸ்' என்றால் கோரமான பிறவி. பெயரில் இருக்கும் பயங்கரம் கட்டியில் பெரும்பாலும் இருப்பதில்லை. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தட்டுப்படும், எடுத்துவிடுவார்கள், அத்தோடு முடிந்தது.

முடியும் பல்லும் அங்கே எப்படி வந்தன? கருமுட்டையாக மாற வேண்டிய ஒரு செல், வழிதவறித் தானாகவே பெருக ஆரம்பிப்பதால். ஒரு முழு உடலையே உண்டாக்கக்கூடிய செல் அது. ஒழுங்கு இல்லாமல் பெருகும்போது கொஞ்சம் தோல், கொஞ்சம் முடி, கொஞ்சம் எலும்பு என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்துவைக்கிறது. அந்தக் 'கொஞ்சங்களில்' நரம்புத் திசுவும் ஒன்று. அதாவது, மூளையில் இருக்க வேண்டிய பொருள் ஒரு துணுக்கு, இடுப்புக்குள் ஒரு கட்டியில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. வெகு சிலருக்கு மட்டும், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அந்தத் துணுக்கைக் கவனித்துவிடுகிறது.

கவனித்த பிறகு நடப்பதை நேரில் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். முதலில் சில நாள் தலைவலி, லேசான காய்ச்சல், ஏதோ வைரஸ் ஜுரம் போல. அப்புறம் தூக்கம் போகும். பேச்சு மாறும். இருபது வயதுப் பெண், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்பார். இல்லாத குரலைக் கேட்பார். காரணமில்லாமல் அழுவார், கத்துவார். வீட்டில் இருப்பவர்கள் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போவார்கள். வேறு எங்கே போவார்கள்? அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஓரிரு வாரத்தில் படம் மாறும். வலிப்பு வரும். வாயும் உதடும் நாக்கும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும், எதையோ ஓயாமல் மெல்வது போல. கை கால் விறைத்து, கண் திறந்திருந்தும் கூப்பிட்டால் பதில் இல்லாத நிலை வரும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். கடைசியில் மூச்சுவிடும் உந்துதலே குறைந்து வென்டிலேட்டரில் வைக்க வேண்டி வரும். மனநல வார்டில் தொடங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிகிற இந்தப் பயணத்துக்குச் சிலருக்கு மூன்று வாரம்கூட ஆவதில்லை.

சினைப்பைக் கட்டிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் 1997-லேயே எழுந்தது. டெரட்டோமா உள்ள இளம்பெண்களுக்கு வந்த மூளை அழற்சி பற்றி அந்த ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். 2005-ல் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் டால்மாவும் அவருடைய சகாக்களும் இதே மாதிரி நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். நான்கு பேருக்கும் மனநிலைக் குழப்பம், நினைவிழப்பு, மூச்சுத் தளர்ச்சி. நான்கு பேருக்கும் சினைப்பையில் டெரட்டோமா. எலி மூளைத் துண்டின் மேல் இந்தப் பெண்களின் தண்டுவட நீரை விட்டால், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஏதோ ஒன்று போய் ஒட்டிக்கொள்கிறது. எதில் ஒட்டுகிறது என்று மட்டும் அப்போது தெரியவில்லை. 2007-ல் தெரிந்தது: என்எம்டிஏ ஏற்பி. நோய்க்கும் அதை வைத்தே 'என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சி' என்று பெயர். அந்த ஆண்டு வந்த கட்டுரையில் 12 பெண்கள். 11 பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா, ஒருவருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள். மறு ஆண்டே எண்ணிக்கை 100 ஆகிவிட்டது. ஒரு புதிய நோய் ஒரே ஆண்டில் இப்படிப் பெருகாது. இத்தனை காலமும் வேறு பெயர்களில் ஒளிந்திருந்தது என்பதுதான் பொருள்.

என்எம்டிஏ ஏற்பி என்பது நரம்பு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சிறு கதவு. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து தொட்டால் திறக்கும். புதிதாக ஒன்றைக் கற்பதற்கும், கற்றது மனதில் பதிவதற்கும், எண்ணங்கள் ஒன்றோடொன்று கோத்து வருவதற்கும் இந்தக் கதவு வேலை செய்தாக வேண்டும். இதை மருந்தால் அடைத்தால் என்ன ஆகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். மயக்க மருந்தாகப் பயன்படும் கேட்டமைனும், போதைப்பொருளாகச் சீரழிந்த ஃபென்சைக்ளிடினும் இதே ஏற்பியைத்தான் அடைக்கின்றன. குறைந்த அளவில் பிரமை, சந்தேக மனநிலை. அதிக அளவில் உடல் விறைத்துச் சுயநினைவு நழுவும். மேலே சொன்ன நோயின் படிகளும் ஏறக்குறைய இவைதான். மருந்து செய்வதை இங்கே உடலின் சொந்த எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, செய்கிறது.

செய்யும் விதம் மட்டும் வேறு. ஆன்டிபாடி கதவை உடைப்பதில்லை, பூட்டுவதுமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிணைக்கப்பட்டவற்றைச் செல் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் கதவுகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆன்டிபாடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைகிறது. ஆனால் செல் சாவதில்லை. ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு செல்களிலிருந்து ஆன்டிபாடியை நீக்கினால், சில நாட்களில் ஏற்பிகள் பழையபடி மேலே வந்துவிடுகின்றன. செல் சாவதில்லை என்ற இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் இன்னொரு நோயிலிருந்து இதைப் பிரிப்பது அதுதான்.

எதிர்ப்பு அமைப்பு இந்த ஏற்பியின் மேல் கைவைக்கக் காரணம் என்ன? இந்த நோய் வந்தவர்களின் டெரட்டோமாவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே இருந்த நரம்புத் திசுவில் அதே ஏற்பி இருந்தது. சுற்றிலும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. சில கட்டிகளில் அவை வெறும் கூட்டமாக இல்லாமல், குட்டி நிணநீர் முடிச்சு போல ஒழுங்காக அமைந்து, ஆன்டிபாடி தயாரிக்கவே பழகிக்கொண்டிருந்தன. மூளை தனக்குள் வைத்திருக்கும் புரதத்தை, எந்தத் தடுப்புச் சுவரும் இல்லாத இடத்தில் கட்டி கடைவிரித்துவிட்டது. பார்த்துப் பழகிய வெள்ளணுக்களில் சில பிறகு ரத்தம்வழி மூளைக்குள்ளும் நுழைந்து, அங்கேயே உட்கார்ந்து ஆன்டிபாடி செய்கின்றன.

ஆனால் எல்லாப் பழியையும் கட்டியின் தலையில் போட முடியாது. 2013-ல் 577 நோயாளிகளைத் தொகுத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 8 மாதக் குழந்தை முதல் 85 வயது முதியவர் வரை அதில் இருந்தார்கள். 81 சதவீதம் பெண்கள், சரிபாதிப் பேர் 21 வயதோ அதற்குக் கீழோ. கட்டி இருந்தது 38 சதவீதத்தினருக்கு மட்டும். அந்தக் கட்டிகளில் 94 சதவீதம் சினைப்பை டெரட்டோமா. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள சிறுமிகளில் கட்டி மிக அரிது. வயதுக்கு வந்த இளம்பெண்களில்தான் அதிகம். மீதிப் பேருக்கு எதனால் வருகிறது? ஒரு சிறு பகுதிக்கு மட்டும் பதில் கிடைத்திருக்கிறது. ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கிய சில வாரங்களில், வைரஸ் அடங்கிய பிறகு, இந்த ஆன்டிபாடி தலைகாட்டுவது உண்டு. வைரஸ் திரும்பிவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் வைரஸ் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

இடையில் ஒரு கரடிக் கதை. பெர்லின் உயிரியல் பூங்காவில் நுட் என்ற பனிக்கரடிக் குட்டி, தாய் ஒதுக்கிவிட்டதால் மனிதர் கையில் வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. 2011 மார்ச்சில், நான்கு வயதில், பார்வையாளர்கள் கண்முன்னே வலிப்பு வந்து நீரில் விழுந்து இறந்தது. மூளை அழற்சி என்பது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. நான்கு ஆண்டு கழித்து, சேமித்துவைத்த அதன் தண்டுவட நீரில் இதே என்எம்டிஏ ஆன்டிபாடி இருப்பதைக் கண்டார்கள். நுட் ஆண் கரடி; சினைப்பைக்கு இங்கே வேலையே இல்லை. காட்டிலும் கூண்டிலும் காரணம் தெரியாமல் போகிற மரணங்களிலும் இது ஒளிந்திருக்கலாம் என்ற யோசனை அதிலிருந்துதான் வந்தது.

இது எவ்வளவு அரிது? அரிதுதான். ஆனால் நாம் பெயர் கேட்டுப் பழகிய பல நோய்களைவிட அரிதல்ல. கலிபோர்னியாவில் மூளை அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு திட்டத்தின் முடிவு 2012-ல் வெளியானது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில், ஹெர்ப்பிஸ், வெஸ்ட் நைல் போன்ற தனித்தனி வைரஸ்கள் எதையும்விட இந்த நோயே அதிகமாக இருந்தது.

கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல், எல்லாரும் முதலில் நம்புகிற எம்.ஆர்.ஐ. இங்கே பெரும்பாலும் கைவிடுவதுதான். 577 பேர் தொகுப்பில் மூன்றில் ஒருவருக்குத்தான் மூளை ஸ்கேனில் மாறுதல் தெரிந்தது. 'ஸ்கேன் நார்மல், அப்படியானால் மனநோய்தான்' என்று முடிவு கட்டினால் தவறும் இடம் இது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் பத்தில் ஒன்பது பேருக்குக் கோளாறு தெரிகிறது. சிலருக்கு மட்டும் வரும் ஒரு விசேஷமான அலைவடிவம் உண்டு: மெதுவான பெரிய அலை, அதன் முதுகில் வேகமான சிற்றலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளையில் இயல்பாகக் காணப்படும் வடிவத்தை ஒத்திருப்பதால், அந்தப் பெயரையே கொடுத்து 'எக்ஸ்ட்ரீம் டெல்டா பிரஷ்' என்கிறார்கள்.

உறுதிசெய்வது ஆன்டிபாடி பரிசோதனை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ரத்தம் மட்டும் போதாது. 250 நோயாளிகளில் செய்த ஆய்வில், தண்டுவட நீரில் எல்லாருக்கும் ஆன்டிபாடி இருந்தது. ரத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத் தப்பிவிட்டது. முதுகில் ஊசி போடுவதற்குப் பயந்து ரத்தத்தோடு நிறுத்திக்கொண்டால், 'இல்லை' என்ற பதிலை நம்ப முடியாது.

இதைப் படித்துவிட்டு மனநோய் உள்ள எல்லாருக்கும் இந்தச் சோதனையா என்று கேட்கத் தோன்றும். தேவையில்லை. 571 பேரின் விவரங்களைப் பார்த்ததில், மனநல அறிகுறி மட்டுமே வந்து வேறெதுவும் வராதவர்கள் 23 பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் நோய் திரும்பி வந்தவர்கள். மற்றவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் வலிப்பு, அசைவுக் கோளாறு, பேச்சு குறைவது, நினைவு தப்புவது என்று ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்கிறது. இதுவரை மனநலச் சிக்கல் இல்லாத இளம்பெண்ணுக்குச் சில நாட்களிலேயே எல்லாம் தலைகீழாவது, கூடவே காய்ச்சலோ வலிப்போ இருப்பது, மனநோய் மருந்து கொடுத்தால் உடல் இன்னும் விறைத்துப்போவது: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

ஆன்டிபாடி உறுதியானதும் பெண் நோயாளிக்கு வயிற்று ஸ்கேன். மூளைக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் சினைப்பையைப் பற்றிப் பேசினால் குடும்பத்துக்கு ஒன்றும் புரியாது. மருத்துவருக்கே சில நேரம் சங்கடம், ஏனென்றால் கட்டி சின்னதாக இருக்கும். வேறு எந்தச் சூழலிலும் 'ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிடும் அளவு. இங்கே அப்படி விட முடியாது. கட்டி இருந்தால் எடுத்தாக வேண்டும், அதுவும் சீக்கிரம். பெரும்பாலும் சினைப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்க முடிகிறது. இளம்பெண்களுக்கு அது பெரிய விஷயம்.

கூடவே எதிர்ப்பு அமைப்பை அடக்கும் சிகிச்சை. முதல் வரிசையில் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை வடிகட்டும் பிளாஸ்மா மாற்று. இவற்றால் முதல் நான்கு வாரத்தில் பாதிப் பேருக்கு மேல் முன்னேற்றம் தெரிகிறது. இவற்றால் தேறாதவர்களுக்கு ரிடுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்துகள். இந்த இரண்டாம் வரிசைக்குப் போகத் தயங்கியவர்களைவிடப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பது அந்த 577 பேர் ஆய்வு சொன்ன முக்கியமான சேதி. இரண்டு ஆண்டு முடிவில் 81 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். ஒரு மாதம் வென்டிலேட்டரில் கிடந்தவருக்கு இனி நம்பிக்கை இல்லை என்று மற்ற நோய்களில் சொல்லக்கூடும். இந்த நோயில் அப்படிச் சொல்ல அவசரப்படக் கூடாது. இறப்பும் உண்டு. அந்தத் தொகுப்பில் 30 பேர் இறந்தார்கள். 12 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. அதனால் முதலில் கட்டி தெரியாதவர்களுக்கும் சில ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

நோய் வந்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் விலகுகிறது. முதலில் மூச்சும் நாடியும் நிலைப்படும், அப்புறம் அசைவுகள் அடங்கும், பேச்சு வரும். இந்தக் கட்டத்தில் பழைய பிரமையும் கோபமும் திரும்பத் தலைகாட்டுவது உண்டு. தேறிவிட்டாள் என்று நிம்மதி அடைந்த குடும்பம் இதில் உடைந்துபோகும். முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை என்பது என் கருத்து. ஆரம்பத்தில் தூங்காதவர் இப்போது மிதமிஞ்சித் தூங்குவார். திட்டமிடுவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது, மனதை அடக்கிக்கொள்வது போன்ற திறன்கள் கடைசியாக வரும். ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். நோய்வாய்ப்பட்டிருந்த நாட்களைப் பற்றி அவருக்கு நினைவே இருக்காது. பதியவைக்கும் கதவுகள் அல்லவா குறைந்து கிடந்தன.

சரி, சினைப்பையும் மூளையும் சம்பந்தப்படும் கதை இது ஒன்றுதானா? இல்லை. இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அதன் முடிவு இப்படி இல்லை.

அறுபதை ஒட்டிய வயதுப் பெண் ஒருவர். சில நாட்களாகத் தலைசுற்றல். நடை தள்ளாடுகிறது. வார்த்தை குழறுகிறது. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் கை எங்கோ போகிறது. சில வாரத்தில் தானாக எழுந்து நடக்க முடியாத நிலை. இவருடைய ரத்தத்தில் இருப்பது வேறொரு ஆன்டிபாடி, பெயர் 'ஆன்டி யோ'. முதலில் கண்டறியப்பட்ட நோயாளியின் பெயரிலிருந்து இரண்டு எழுத்தை எடுத்து வைத்த பெயர் அது. சினைப்பைப் புற்றுநோயோடு வரும் சிறுமூளைச் சிதைவில் இத்தகைய ஆன்டிபாடிகள் இருப்பது 1983-லேயே பதிவாகியிருக்கிறது. சினைப்பையும் மார்பகமும்தான் இதன் பின்னணியில் பெரும்பாலும் இருக்கும் உறுப்புகள்.

இங்கும் ஆரம்பம் அதேதான்: மூளையில் இருக்க வேண்டிய புரதம் கட்டியில் இருக்கிறது, எதிர்ப்பு அமைப்பு கட்டியைத் தாக்கப் போய் மூளையையும் தாக்குகிறது. ஆனால் இந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. மூடிய வீட்டுக்குள் இருக்கும் பொருளை வாசலில் நிற்கும் ஆன்டிபாடி தொட முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மோப்பம் பிடித்து வீட்டையே கொளுத்துபவை டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள். சிறுமூளையில் உடல் அசைவை ஒழுங்குசெய்யும் பர்கின்ஜி செல்கள் அப்படிக் கொல்லப்படுகின்றன. செத்த பர்கின்ஜி செல் திரும்ப முளைக்காது. ஆன்டிபாடியை வடிகட்டினாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும், கட்டியை எடுத்தாலும், இழந்த நடை பெரும்பாலும் வருவதில்லை. இருப்பது இன்னும் மோசமாகாமல் நிறுத்த முடிந்தால் அதுவே பெரிது.

யோசித்தால் இதில் ஒரு விபரீதம் தெரியும். டெரட்டோமா பெரும்பாலும் சாதுவான கட்டி, அது ஐ.சி.யு. வரை இழுத்துப்போனாலும் திரும்பிவர வழி இருக்கிறது. ஆன்டி யோவுக்குப் பின்னால் இருப்பது உண்மையான புற்றுநோய். ஆனால் எதிர்ப்பு அமைப்பு அதன்மேல் இவ்வளவு மும்முரமாகப் பாய்வதாலோ என்னவோ, அந்தப் புற்று பல நேரம் சின்னதாக, அடங்கியே கிடக்கிறது. உடல் புற்றோடு சண்டை போட்டு ஓரளவு ஜெயிக்கிறது, சிறுமூளையைப் பறிகொடுத்துவிடுகிறது.

சின்னதாக அடங்கிக் கிடப்பதால் ஒரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு நடை தடுமாறிய பிறகுதான் புற்று இருப்பதே தெரியவருகிறது, அதுவும் தேடினால். மார்பக எக்ஸ்ரே, வயிற்று சி.டி., பெட் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் ஒன்றும் தட்டுப்படாமல் போகலாம். சிறுமூளைக் கோளாறும் தெளிவாக இருந்து, ஆன்டி யோவும் உறுதியாகி, மாதவிடாய் நின்ற பெண்ணாக இருந்தால், ஸ்கேனில் சுத்தமாகத் தெரிகிற வயிற்றையும் திறந்து பார்ப்பது உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் போவதா என்று நோயாளி கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அப்படித் திறந்து பார்த்தபோது, எந்த ஸ்கேனிலும் அகப்படாத புற்று, சினைப்பையிலோ கருக்குழாயிலோ, உண்மையிலேயே இருந்திருக்கிறது.